ருவாண்டா: இனப்படுகொலையை வகுப்பறையில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 7 அன்று ருவாண்டாவில் 'குவிபுகா' தொடங்குகிறது. நினைவுகூர்தல் என்று பொருள். 1994-ல் இதே நாளில் தொடங்கிய துத்சி இனப்படுகொலையில், சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொல்கிறது. 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. கொலைகளை எதிர்த்த ஹுட்டுக்களும் தப்பவில்லை.

இன்று அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடத்துக்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கு. 1930-களில் பெல்ஜியம் ஆட்சி, ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ஹுட்டு, துத்சி, ட்வா என்று இனத்தைக் குறித்தது. 1962-ல் சுதந்திரம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. வகுப்பில் ஹுட்டுப் பிள்ளைகளையும் துத்சிப் பிள்ளைகளையும் தனித்தனியாக எழுந்து நிற்கச் சொல்லி ஆசிரியர்கள் கணக்கெடுத்தார்கள். தான் எந்த இனம் என்பதே சில குழந்தைகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. துத்சிகள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று வரலாற்றுப் பாடமும் சொன்னது.

பிறகு ஆர்டிஎல்எம் வானொலி துத்சிகளைக் 'கரப்பான்பூச்சி' என்றது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் யார் பிழைக்கணும், யார் சாகணும் என்பதை அந்த அட்டையே முடிவு செய்தது.

எப்போது பாடமானது?

உடனே இல்லை. பழைய புத்தகத்தை நம்ப முடியாது, புதுசா எதை எழுதுவது என்பதிலும் உடன்பாடு இல்லை. அதனால் பல ஆண்டுகள் வரலாற்றுப் பாடமே நிறுத்தி வைக்கப்பட்டது. 2015-ல் அறிவிக்கப்பட்ட பாடத்திட்டம்தான், இனப்படுகொலை பற்றிய கல்வியையும் அமைதிக் கல்வியையும் பல பாடங்களுக்குள் கொண்டுவந்தது. 2.5 லட்சம் பேருக்கு மேல் புதைக்கப்பட்டுள்ள கிகாலி நினைவிடத்துக்கும் மாணவர்கள் அழைத்துச் செல்லப்படுகிறார்கள்.

ஆசிரியருக்கு என்ன சிக்கல்?

'கசாசா' எனும் ஊர் நீதிமன்றங்கள் 2012-ல் மூடப்படும் வரை 19 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை விசாரித்தன. அப்படியென்றால், உறவுகளை இழந்த வீட்டுப் பிள்ளையும், கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்றவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். ஒரு சொல் தவறினாலும் யாரோ ஒரு பிள்ளை தலைகுனிய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, சட்டம். 'இனப்படுகொலைச் சித்தாந்தம்' அங்கே தண்டனைக்குரிய குற்றம். அதன் வரையறை தெளிவாக இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் விமர்சித்துள்ளன. இனப்படுகொலையை முடிவுக்குக் கொண்டுவந்த ஆர்பிஎஃப் படையினரும் பொதுமக்களைக் கொன்றதை அதே அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. மாணவர் அதைப் பற்றிக் கேட்டால், ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

அப்போ எதைச் சொல்லிக் கொடுக்கணும்?

எலும்புகளையும் எண்ணிக்கையையும் மட்டும் காட்டினால் பிள்ளைக்குப் பயம்தான் மிஞ்சும். அட்டை, கணக்கெடுப்பு, பட்டப்பெயர், வானொலி என்று ஒவ்வொரு படியாகச் சொன்னால், எந்த இடத்தில் யார் மறுத்திருக்கலாம் என்று அதுவே யோசிக்கும்.

அப்படி மறுத்தவர்களும் மாணவர்கள்தான். 1997 மார்ச்சில் நியாங்கே பள்ளிக்குள் நுழைந்த ஆயுதக் குழு, ஹுட்டு ஒரு பக்கம், துத்சி ஒரு பக்கம் பிரிந்து நிற்கச் சொன்னது. நாங்கள் எல்லாரும் ருவாண்டாக்காரர்கள் என்று சொல்லி மாணவர்கள் பிரிய மறுத்தார்கள். சிலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அந்த மாணவர்கள் இன்று நாட்டின் வீரர்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.