நெட் ஸ்லோவா இருக்கிறதாலதான் நஷ்டமா? ஆலங்காயத்துல இருந்து ஒரு கேள்வி



ஆப்ஷன்ஸ் டிரேடிங் பத்தின நம்ம வீடியோவைப் பார்த்துட்டு ஆலங்காயத்துல இருந்து ஒரு தம்பி பேசினார். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில வேலை, சம்பளம் 26,000. ஏழு மாசத்துல 1.4 லட்சம் போயிடுச்சு. "சார், டிரேடிங் ஆப்பை ஒரே கோர்ல கட்டிப் போட்டா ஸ்பீடு கூடுமாமே? பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தான் பண்றாங்களாம். நல்ல லேப்டாப் ஒண்ணு ஈஎம்ஐல வாங்கட்டுமா?"

அவர் கேள்விப்பட்டது பொய் இல்ல. பிராசசருக்குள்ள பல கோர் இருக்கும். எந்த வேலை எந்தக் கோர்லன்னு ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாத்தி மாத்திப் போடும். நெட்வொர்க் கார்டுக்குத் தகவல் வந்தா 'இன்டரப்ட்'னு ஒரு மணி அடிக்கும். ஏதோ ஒரு கோர் கையில இருக்கிற வேலையை விட்டுட்டு அதைக் கவனிக்கணும். உங்க கம்பெனியில அப்பர் தைக்கிறவரையே, கேட்டுக்கு லாரி வரும்போதெல்லாம் போய்க் கையெழுத்துப் போடச் சொன்னா எப்படி இருக்கும்? திரும்பி வந்து வேற மெஷின்ல உக்காரச் சொன்னா இன்னும் மோசம்.

அதனால வேக டிரேடிங் பண்றவங்க லினக்ஸ்ல 'டாஸ்க்செட்' மாதிரி கட்டளையால புரோகிராமை ஒரு கோர்லயே நிறுத்திடுவாங்க. அங்க வேற வேலை வராதபடியும் தனியா ஏற்பாடு பண்ணிடுவாங்க. கேட் மணியைக் கவனிக்கத் தனிக் கோர். மிச்சமாகிறது சில மைக்ரோ செகண்ட்தான். ஆனா வேகம் ஒரே சீரா இருக்கும், அதுதான் அவங்களுக்கு வேணும்.

இது எங்க பலிக்கும்? மும்பையில எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே வாடகைக்கு ரேக் எடுத்து சர்வர் வச்சிருந்தா பலிக்கும். என்எஸ்இ 2010ல இந்த கோ-லொகேஷன் வசதியைக் கொண்டு வந்தது. ஆரம்ப வருஷங்கள்ல விலைத் தகவல் வரிசைப்படிதான் போச்சு, முதல்ல லாகின் பண்ணவருக்கு முதல்ல. அந்த விவகாரத்துல செபி 2019 ஏப்ரல்ல என்எஸ்இயை 624.89 கோடி கட்டச் சொன்னது. 2023 ஜனவரியில மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து பண்ணிட்டு, போதுமான கவனம் காட்டலன்னு 100 கோடி கட்டச் சொன்னது. ஒரே கட்டடத்துக்குள்ள முந்துறதுக்கே இவ்வளவு சண்டை!

ஆலங்காயத்துக்கும் மும்பைக்கும் நேர்கோட்டுல 900 கிலோமீட்டருக்கு மேல. ஃபைபர்ல ஒளி போகவே ஒரு வழிக்கு 4,000 மைக்ரோ செகண்டுக்கு மேல ஆகும். அதுக்கப்புறம் புரோக்கர் சர்வர், அப்புறம் உங்க விரல். லேப்டாப்ல கோரைக் கட்டிப் போட்டு என்ன மிச்சம் பிடிக்கப் போறீங்க?

செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2022ல இருந்து 2024 வரை மூணு நிதியாண்டுல, எஃப் அண்ட் ஓவுல இறங்கின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு 2 லட்சம். 2023-24ல சொந்தப் பணத்துல டிரேட் பண்ற நிறுவனங்களோட லாபத்துல 96 சதவீதம் அல்கோவால வந்தது. எதிர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியுதா?

லேப்டாப் வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் என் வேலை ஆரம்பிச்சுது. "ஐடிஆர்-1 போட்டாச்சா?"ன்னு கேட்டேன். போன வருஷம் போட்டாராம், அதுல சின்ன நஷ்டம் இருந்தும் காட்டல. எஃப் அண்ட் ஓ நஷ்டம் தொழில் நஷ்டம், ஐடிஆர்-3லதான் காட்டணும். சம்பளத்துல கழிக்க முடியாது. ஆனா கெடு தேதிக்குள்ள தாக்கல் பண்ணா 8 வருஷம் எடுத்துட்டுப் போய், வேற தொழில் வருமானத்துல கழிக்கலாம். ஷேர்ல இன்ட்ராடே நஷ்டம் வேற கணக்கு. அது 4 வருஷம்தான், அதுவும் அதே மாதிரி லாபத்துல மட்டும்.

புரோக்கர் தளத்துல 'டாக்ஸ் பி அண்ட் எல்'னு ஒரு ரிப்போர்ட் கிடைக்கும். அதை இறக்கி அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்ததும் பேரை மறைச்சுட்டு, எந்தக் கட்டத்துல எந்த எண்ணைப் போடணும்னு அடுத்த வீடியோவுல காட்டறேன்.