பார்த்தால் ஜூடோ வருமா?

மல்லாவியில் போனில் ஒலிம்பிக் ஜூடோ பார்க்கும் பிள்ளைக்கு எறிதல் பழகுமா? பாதிதான் பழகும். 2005இல் லண்டன் ஆய்வாளர்கள் பலே நடனக் கலைஞர்களுக்கும், கப்போய்ரா என்னும் பிரேசிலியச் சண்டை ஆட்டக் கலைஞர்களுக்கும் இரு ஆட்டங்களின் காணொளிகளையும் காட்டி, மூளையைப் படமெடுத்தார்கள். தாம் பழகிய ஆட்டத்தைக் கண்டபோதே அசைவுக்குரிய பகுதிகள் கூடுதலாக இயங்கின. உடம்பு அறிந்ததையே மூளை ஆழமாக உள்வாங்குகிறது.

1882இல் கானோ ஜிகோரோ தொடக்கிய ஜூடோவில் எறிதலின் உயிர் 'குசுஷி', அதாவது எதிராளியின் சமநிலையைக் குலைத்தல். பார்ப்பவர் கண்ணோ விழும் காட்சியிலேயே நின்றுவிடும். எதிராளியின் பாரம் முன்பாதத்துக்கு நகரும் அந்தக் கணம், அவரது கொலரைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் முதலில் தெரியும். எந்தத் திரையும் அதைத் தராது.

காணொளியை மெதுவாக ஓடவிட்டு, விழுபவரின் பாதங்களைக் கவனியுங்கள். பிறகு மெத்தையில், பயிற்றுநர் முன்னிலையில், முதலில் விழப் பழகுங்கள். அதுவரை யாரையும் எறிந்து பார்க்காதீர்கள்.