பரணில் கிடக்கும் பொம்மை ரெயிலை எடைக்குப் போடாதீர்கள்!

(நமது தங்கவயல் பகுதி நேர நிருபர்)

சாம்பியன் ரீப்ஸ்:

தங்கவயலில் வீடு காலி செய்வது அன்றாடக் காட்சி ஆகிவிட்டது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பெங்களூரில் பிழைப்பைத் தேடிக்கொண்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கேயே குடியேறி வருகிறார்கள். பெற்றோர் காலமானதும் லைன் வீட்டின் பரண் கீழே இறங்குகிறது. டிரங்குப் பெட்டி திறக்கிறது. உள்ளே இருப்பதில் பாதி பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகிறது.

அந்தத் தராசில் ஏறக்கூடாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் தகரத்தால் செய்த பழங்கால பொம்மை ரெயில்.

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது. அன்று முதல் சுரங்கம் அரசு வசம் வந்த 1956-ம் ஆண்டு வரை ஏராளமான ஆங்கிலேய என்ஜினீயர்கள் குடும்பத்தோடு இங்கே வாழ்ந்தார்கள். பங்களாவில் வேலை பார்த்தவர்களுக்கு, ஊர் திரும்பும் துரைமார் பழைய சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பீங்கான் தட்டு, சுவர்க் கடிகாரம் ஆகியவற்றோடு ஒரு பொம்மை என்ஜினும் சில வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தால் வியப்பில்லை.

வெளிநாடுகளில் இதற்கென்றே சேகரிப்போர் சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1954-ம் ஆண்டிலும், இங்கிலாந்தில் ஹார்ன்பி ரெயில்களுக்கென்று 1969-ம் ஆண்டிலும் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் தேடித் தேடி வாங்கும் பொருளை நாம் கிலோ கணக்கில் விற்றுவிடக் கூடாது அல்லவா? அதற்கு முதலில் அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

"எஸ்.ஆர்." என்றால் நம்ம ரெயில்வேயா?

எங்கள் லைனில் ஓர் ஆயா. அவருடைய கணவர் பங்களா ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். பேரன் ஒரு சின்ன சரக்கு வாகனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆயாவையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கருங்காப்பி நிறம். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் "எஸ்.ஆர்." என்று இருந்தது.

"தம்பி, நீ ரெயில்வேயில இருக்கிறவன். இது நம்ம ஆபீசுல செஞ்சதுதானே? எஸ்.ஆர்.னு போட்டிருக்கே?" என்றார் ஆயா.

"நல்லா பெயின்ட் அடிச்சு வித்துடலாம்னு பார்க்கிறேன் அண்ணா" என்றான் பேரன்.

நம்முடைய தெற்கு ரெயில்வே உருவானது 1951-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா, சவுத் இந்தியன், மைசூர் ஸ்டேட் ஆகிய மூன்று ரெயில்வேக்களும் அன்றுதான் ஒன்றாயின. ஆனால் இங்கிலாந்திலும் "சதர்ன் ரெயில்வே" என்று ஒரு கம்பெனி இருந்தது. 1923 முதல் 1947 வரை அதன் காலம். வாகனின் அடியில் "மெக்கானோ, லிவர்பூல்" என்று இருந்ததால், அந்த "எஸ்.ஆர்." இங்கிலாந்துக்காரருடையது என்பதில் சந்தேகம் இல்லை.

"ஆயா, இது நம்ம ரெயில்வே பிறக்கிறதுக்கு முன்னாலேயே பிறந்த வண்டி. பெயின்ட் மட்டும் அடிக்க விடாதீங்க" என்றேன். இப்போது அந்த வாகன் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பெயின்ட் டப்பா கடைக்கே திரும்பிப் போய்விட்டது.

எழுத்தே பிறப்புச் சான்றிதழ்

உண்மையான சரக்கு வாகனை இனம் காண்பது எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சுலபம். அதன் மேல் 11 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாகனின் வகை. அடுத்த இரண்டு சொந்தக்கார ரெயில்வே. அடுத்த இரண்டு தயாரான ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் வாகனின் தனி எண். கடைசி இலக்கம் எண்ணைச் சரிபார்க்க.

பொம்மை வாகனில் அந்த வசதி கிடையாது. ஆனால் எழுத்துகள் பேசும்.

இங்கிலாந்தில் 1923-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி சிறு கம்பெனிகள் எல்லாம் நான்கு பெரிய கம்பெனிகளாக இணைந்தன. "எல்.எம்.எஸ்.", "என்.இ.", "ஜி.டபிள்யூ.", "எஸ்.ஆர்." என்ற எழுத்துகள் இருந்தால் அந்த மாதிரி 1923-க்குப் பிந்தியது. "பிரிட்டிஷ் ரெயில்வேஸ்" என்று இருந்தால் 1948-க்குப் பிந்தியது. "எம்.ஆர்." என்று கண்டால் நம் மெட்ராஸ் ரெயில்வே என்று நினைத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் இங்கிலாந்தின் மிட்லண்ட் ரெயில்வே. 1923-க்கு முந்திய பெயர்.

நாட்டின் பெயரும் வயதைச் சொல்லும். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால், அது 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் 1949-க்கு முன் செய்திருக்க முடியாது. "ஜி.பி.என்." என்ற மூன்று எழுத்து ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து பிங் சகோதரர்களின் முத்திரை. அவர்கள் செய்த ரெயில்களை இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் பாசெட்-லோக் கம்பெனி விற்றது.

ஸ்கேலை எடுங்கள்

அடுத்த வேலை, சக்கரங்களின் இடைவெளியை அளப்பது. பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலே போதும்.

பொம்மைத் தண்டவாளத்துக்கு அளவு முறை வகுத்தது ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி. 1891-ம் ஆண்டு லைப்சிக் சந்தையில் எண் வாரியாக அளவுகளை வைத்தார்கள். ஒன்றாம் எண் தண்டவாளம் 45 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது வந்தபோது பூஜ்யம் என்று பெயர் வைத்தார்கள். அதை இப்போது எல்லோரும் "ஓ" கேஜ் என்கிறார்கள். அது 32 மில்லிமீட்டர். பழைய தகர ரெயில்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான்.

16.5 மில்லிமீட்டர் இருந்தால் "ஓ ஓ" அல்லது "எச் ஓ" வகை. தண்டவாளம் ஒன்றே, வண்டியின் உருவ அளவுதான் வேறு. "ஓ ஓ" வகை அசலில் 76-ல் ஒரு பங்கு. "எச் ஓ" 87-ல் ஒரு பங்கு. 9 மில்லிமீட்டர் இருந்தால் "என்" கேஜ். இது 1960-களில்தான் பரவியது. ஆகவே 9 மில்லிமீட்டர் வண்டியை "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

நட்டு, போல்ட்டில் தொடங்கிய கதை

நம் நாட்டுக்கு அதிகம் வந்தது ஹார்ன்பி. லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர் துளையிட்ட தகரப் பட்டைகளை நட்டு, போல்ட் கொண்டு பூட்டும் விளையாட்டுச் சாமானுக்கு 1901-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதுதான் மெக்கானோ. அதே முறையில் 1920-ம் ஆண்டு சாவி கொடுத்தால் ஓடும் ரெயிலைக் கொண்டுவந்தார். ஆகவே, நட்டு போல்ட்டைக் கழற்றிப் பிரிக்கக்கூடிய ஹார்ன்பி வாகன் என்றால் ஆரம்ப காலத்தது. தகரத்தின் நாக்கை மடித்துச் சொருகியது என்றால் பின்னாளையது.

1938-ம் ஆண்டு "ஹார்ன்பி டப்லோ" என்ற 16.5 மில்லிமீட்டர் வகை வந்தது. வார்ப்பு உலோக என்ஜின், மூன்று தண்டவாளம். போருக்கு முந்திய பெட்டிகளில் தட்டையான ஸ்பிரிங் தகட்டுக் கப்ளிங். போருக்குப் பிந்தியவற்றில் வேறு வகை. இரண்டு தண்டவாள வகை 1959-ல் வந்தது. 1964-ல் கம்பெனி கைமாறியது. அட்டைப் பெட்டியில் "டிரையாங் ஹார்ன்பி" என்று இருந்தால் 1965 முதல் 1971 வரை. "ஹார்ன்பி ரெயில்வேஸ்" என்றால் 1972-ம் ஆண்டும் அதற்குப் பிறகும். எனவே அட்டைப் பெட்டி கிழிந்திருந்தாலும் அதை எறியக் கூடாது.

இவை அந்தக் காலத்திலும் ஏழைக்கு எட்டாத சாமான்கள். 1937-ம் ஆண்டு வந்த "பிரின்சஸ் எலிசபெத்" என்ற ஹார்ன்பி என்ஜினின் விலை 5 கினி. ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற அன்றைய கணக்கில் அது 70 ரூபாய்!

வாகன்களில் விளம்பரம் எழுதியவற்றுக்குத் தனி மதிப்பு. ஷெல், பிராட்ஸ் பெட்ரோல் டாங்கிகள், பிஸ்கட், வாழைப்பழம், சாக்லேட் கம்பெனிப் பெட்டிகள் என்று பல வந்தன. அவற்றில் 1920-களில் கொஞ்ச காலமே வந்த "கோல்மன்ஸ்" கடுகுப் பெட்டி மிக அரிது. அரிது என்பதாலேயே போலிகளும் உண்டு.

போலியைக் கண்டுபிடிக்க

ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். தகரத்தில் ஒட்டும். பித்தளையிலும், துத்தநாக வார்ப்பிலும், பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது.

திருகாணியைப் பாருங்கள். தலையில் ஒற்றைக் கோடு இருக்க வேண்டும். "பிளஸ்" குறி போட்ட திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1920-களின் வாகனில் அது இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெளியே தேய்ந்த பெயின்ட், உள்ளே புத்தம் புதிய தகரம் என்றால் சந்தேகப்படுங்கள். வயது உள்ளும் புறமும் ஒன்றாகத்தான் ஏறும்.

செய்யக் கூடாதவை

பெயின்ட் அடிக்காதீர்கள். கீறல் விழுந்த பழைய பெயின்டைத்தான் சேகரிப்போர் விரும்புகிறார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், எழுத்து உரிந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியே போதும்.

சாவியை மல்லுக்கட்டித் திருகாதீர்கள். பழைய ஸ்பிரிங் அறுந்தால் விரலையும் பதம் பார்க்கும்.

மின்சார என்ஜினாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. 1925-ம் ஆண்டு வந்த ஹார்ன்பியின் முதல் மின்சார ரெயில், வீட்டு மின்சாரத்தை ஒரு பல்பு வழியாகத் தண்டவாளத்துக்கே கொண்டு வந்தது. தொட்டால் ஷாக்! பழைய ஒயரைப் பிளக்கில் சொருகிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். அக்காலப் பெயின்டில் ஈயம் உண்டு.

போருக்கு முந்திய வார்ப்புச் சக்கரங்களுக்கு ஒரு நோய் இருக்கிறது. துத்தநாகத்தில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் தானாக உப்பி, வெடித்து, உதிரும். அதற்கு மருந்து இல்லை. ஈரம் படாமல் வைத்தால் சிறிது காலம் தள்ளிப்போடலாம்.

நம் ரெயிலுக்கு மாதிரி எங்கே?

இங்கிலாந்தின் ஒவ்வொரு கம்பெனிக்கும் பொம்மை இருக்கிறது. பவுரிங்பேட்டை என்று அழைக்கப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894-ம் ஆண்டு முதல் ஓடும் நம் ரெயிலுக்கு, கடையில் வாங்கப் பொம்மை கிடையாது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் பாதை இது.

ஆனால் நாமே செய்துகொள்ளலாம். 87-ல் ஒரு பங்கு என்று கணக்கிட்டால், நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டர் சுமார் 19 மில்லிமீட்டர் ஆகும். கடையில் கிடைப்பது 16.5 என்பதால் அது பொருந்தாது. வெளிநாட்டுத் தண்டவாளத்தில் நம் வண்டி கொஞ்சம் ஒடுங்கித்தான் நிற்கும். மீட்டர் கேஜ் 11.5 மில்லிமீட்டர், கடையில் 12 கிடைக்கிறது. பங்காருப்பேட்டை-கோலார் இடையே 1913-ம் ஆண்டு திறந்த இரண்டரை அடி குறுகிய பாதையோ 8.8 மில்லிமீட்டர். "என்" கேஜின் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கச்சிதமாக உட்காரும்!

அந்தக் குறுகிய பாதை 1990-களில் அகலப் பாதையாக மாறிவிட்டது. அதில் பயணம் செய்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே பெட்டியின் நிறம், ஜன்னல், படிக்கட்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைத்தால், நாளை ஒரு பையன் அதை அட்டையிலாவது செய்து பார்ப்பான்.

ஓடும் மாதிரி ரெயில்களைக் காண விரும்புவோருக்கு, பூனாவில் ஜோஷி என்பவர் உருவாக்கிய குட்டி ரெயில் அருங்காட்சியகம் 1998-ம் ஆண்டு திறக்கப்பட்டது. உண்மையான பழைய என்ஜின்களைக் காண டெல்லி (1977), மைசூர் (1979), சென்னை பெரம்பூர் (2002) ஆகிய ரெயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. மைசூர் நமக்கு ஒரு நாள் பயணம்தான்.

விற்பதற்கு முன்

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணச் செலவும் பள்ளிக் கட்டணமும் எல்லோர் வீட்டிலும் உண்டு. ஆனால் முதலில் கேட்டவரிடமே கொடுத்துவிடாதீர்கள். அடிப்பக்க முத்திரையையும், நான்கு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். சக்கர இடைவெளியை அளந்து குறியுங்கள். உதிர்ந்த சக்கரம், சாவி, அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

கடைசியாக, ஒரு தாளில் நான்கு வரி எழுதி அதோடு வையுங்கள். இது யாருக்கு, எந்த ஆண்டு, எந்தப் பங்களாவிலிருந்து வந்தது, வாங்கியவர் சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார் என்று. பொம்மையைச் செய்த கம்பெனியின் பெயரை லண்டனில் இருப்பவரும் சொல்லிவிடுவார். அது சாம்பியன் ரீப்ஸில் எந்த வீட்டில் இருந்தது என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.