பாய்ச்சலுக்கு முன்னால் மூன்று தட்டு

நாடு திரும்பி இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "நீங்க குதிரையில பாய்ஞ்சீங்களாமே, உண்மையா?" என்பதுதான். உண்மைதான். ஆனால் பாய்ந்தது குதிரை. அதற்கு இடைஞ்சல் செய்யாமல் மேலே இருக்க நான் பழகினேன். பழக ஒன்றரை வருடம் பிடித்தது. அதிலும் ஒரு சனிக்கிழமைப் பாடத்தில்தான் எனக்கு விஷயமே விளங்கியது. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

வாப்பாவின் மேற்படிப்புக்காக நாங்கள் இரண்டு வருடம் இங்கிலாந்தில் இருந்தோம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு குதிரைப் பயிற்சிப் பண்ணை இருந்தது. வாப்பா சம்மதித்தார். உம்மா அரை மனதோடு சம்மதித்தார். உடை விஷயத்தில் சிரமம் இருக்கவில்லை. நீளமான மேலாடை, தலையில் இறுக்கமான ஸ்கார்ஃப், அதன் மேல் ஹெல்மட். ஊசி மட்டும் குத்தக்கூடாது என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். விழுந்தால் அது தலையில் ஏறும்.

எனக்குத் தந்த குதிரையின் பெயர் பெப்பர். சாம்பல் நிறம், வயது 14, உயரம் 15 'கை'. குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து தோள்மேடு வரை 'கை' என்ற அளவால்தான் சொல்வார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். ஆக, பெப்பரின் தோளே 5 அடி. நிறை ஏறக்குறைய 500 கிலோ. பண்ணையில் எல்லோரும் அதைச் 'சோம்பேறி' என்றார்கள். தடைக்கு நேரே வேகமாக ஓடி வரும். கடைசி நொடியில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு நாள் நான் மட்டும் அதன் கழுத்துக்கு மேலால் போய் மணலில் விழுந்தேன். மணிக்கட்டு இரண்டு கிழமை வீங்கியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்த உம்மா, பஸ்ஸில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னார்: "இன்னொரு தரம் விழுந்தா இதோட சரி, மகள்."

அடுத்த பாடத்துக்குப் போனபோது மைதானத்தில் ஒரு தடைகூட இல்லை. கட்டைகள் எல்லாம் தரையில் கிடந்தன. "பாய்ச்சலை மறந்துவிடு. இன்றைக்குக் கேன்டரைச் சரி செய்வோம்" என்றார் மிஸ். எனக்கு ஏமாற்றம். உம்மாவுக்கு நிம்மதி.

கேன்டர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். குதிரைக்குப் பொதுவாக நான்கு நடைகள். மெல்ல நடப்பது நான்கு தட்டு. ட்ரொட் எனப்படும் துள்ளு நடை இரண்டு தட்டு. கேன்டர் எனப்படும் தாவோட்டம் மூன்று தட்டு. அதையும் தாண்டிய முழு ஓட்டம் கலப். அது திரும்பவும் நான்கு தட்டு. இடப்பக்கம் வட்டமடிக்கும் கேன்டரில் முதலில் வலது பின்கால் ஊன்றும். அடுத்து இடது பின்காலும் வலது முன்காலும் ஒன்றாக ஊன்றும். மூன்றாவதாக இடது முன்கால். பிறகு ஒரு கணம் நான்கு குளம்பும் தரையில் இருக்காது. கண்ணால் பார்த்து இதையெல்லாம் பிடிப்பது கடினம். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்ற வாதமே 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் கமராக்களை வைத்துப் படம் பிடித்த பிறகுதான் தீர்ந்தது. ஆனால் காது பிடித்துவிடும். டக், டக், டக், ஒரு இடைவெளி; டக், டக், டக், ஒரு இடைவெளி.

மிஸ் என்னை 20 மீற்றர் வட்டத்தில் ஓடவிட்டு, சத்தமாக எண்ணச் சொன்னார். எண்ணினேன். மூன்றுக்குப் பதிலாக நான்கு வந்தது. நடுத்தட்டில் ஒன்றாக ஊன்ற வேண்டிய இரு கால்களும் பிரிந்து ஊன்றின. பின்கால்கள் உடலுக்குக் கீழே வரவில்லை, பின்னால் இழுபட்டன. குதிரையின் பாரமெல்லாம் முன்கால்களில். இந்த நிலையில் அது எப்படி மேலே எழும்பும்? நமது இல்ல விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலைப் பார்த்திருப்பீர்கள். ஓடி வருபவர் கடைசி அடிகளில் தாளம் தவறினால் கோலைத் தட்டிவிடுவார், அல்லது நின்றுவிடுவார். கால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பெப்பரும் அதைத்தான் செய்தது. அதைச் சோம்பேறி என்று நாங்கள் சொன்னோம்.

"ஏன் நான்காக உடைகிறது தெரியுமா? உன் கையைப் பார்" என்றார் மிஸ். பார்த்தேன். விழுந்த நாளிலிருந்து வந்த பயத்தில் கடிவாள வாரை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தேன். குதிகாலால் 'போ' என்கிறேன். கையால் 'நில்' என்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்ட அந்தப் பிராணி என்னதான் செய்யும்.

இதற்கு அவர் தந்த மருந்து 'அரை நிறுத்தம்'. பெயர் பெரிது, வேலை சின்னது. முதுகை நிமிர்த்தி ஆழமாக அமர வேண்டும். காலின் கீழ்ப்பகுதியால் குதிரையின் வயிற்றை இலேசாக அணைக்க வேண்டும். அதே நேரம் ஈரப் பஞ்சைப் பிழிவதுபோல் விரல்களை ஒரு நொடி இறுக்கி, உடனே விட்டுவிட வேண்டும். விடுவதைத்தான் நான் திரும்பத் திரும்ப மறந்தேன். விட்டால்தான் பின்கால்கள் முன்னேறி உடலுக்குக் கீழே வர இடம் கிடைக்கும். அமுக்கிய சுருள்வில் போலக் குதிரையின் முதுகு வட்டமாக எழும்பும். அது நடந்தபோது ஆசனத்திலேயே தெரிந்தது. கரடுமுரடான வீதியில் போன பஸ் திடீரென்று நல்ல வீதிக்கு வந்ததுபோல் இருந்தது.

அதன் பிறகு நடைக்கும் ட்ரொட்டுக்கும் கேன்டருக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தோம். இந்தப் பகுதி சலிப்பானது. அதை விபரிக்கப் போவதில்லை. என் தொடைகள் எரிந்தன.

பிறகு வந்த பயிற்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நேர்கோட்டில் 18 மீற்றர் இடைவெளியில் தரையில் இரண்டு கட்டைகள். தடை தாண்டும் குதிரையின் ஒரு முழுத் தாவல் ஏறக்குறைய 3.6 மீற்றர் என்று கணக்கிடுவார்கள். எனவே ஒரு கட்டையிலிருந்து மற்றதற்கு ஐந்து தாவல் வர வேண்டும். முதல் தடவை ஏழு வந்து, இடையில் ட்ரொட்டுக்கும் விழுந்தது. பிறகு ஆறு. பிறகு ஐந்து. "நல்லது, இப்போது மீண்டும் ஆறு எடு. ஆனால் சோம்பலான ஆறு வேண்டாம்" என்றார். தாவலின் நீளம் குறைய வேண்டும், தாளமும் பலமும் குறையக்கூடாது. இது சரியாக வர எட்டுத் தடவையாவது முயன்றிருப்பேன். வேகம் வேறு, பலம் வேறு என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். பெப்பர் தடைக்கு முன் வேகமாக ஓடியது வீரத்தினால் இல்லை. சமநிலை தவறி முன்பக்கம் சரிந்ததால்.

இதற்கிடையில் வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. உம்மா எண்ணிக்கொண்டிருந்தார். "ஒன்று, ரெண்டு, மூணு..." அவருக்கே தெரியாமல் எண்ணியிருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் தடை வைத்தார்கள். கத்தரிக்கோல் விரித்ததுபோல் குறுக்கே சாய்த்த இரண்டு கட்டைகள். நடுவில் முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கு 3 மீற்றர் முன்னால் தரையில் ஒரு கட்டை. குதிரை எங்கிருந்து எழும்ப வேண்டும் என்பதை அந்தக் கட்டையே அதற்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

இங்கே இரண்டு விஷயம் கற்றேன். ஒன்று கண். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் நிறையத் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னேயும் மூக்குக்குக் கீழேயும் சிறிது இடம் தெரியாது. கிட்ட வந்த தடை அந்த இடத்துக்குள் மறைந்துவிடும். ஆகவே முன்னதாகவே பார்த்துத் தீர்மானிக்கக் குதிரைக்கு அமைதியும் நேரமும் தேவை. நானோ அந்த நேரத்தில் கட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். குனிந்தால் என் பாரமும் அதன் முன்கால்களில் விழும். "தூரத்தில் இருக்கும் அந்த மரத்தைப் பார்" என்றார் மிஸ்.

மற்றது கை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு ஐரோப்பியக் குதிரைப்படையினர் தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து வாரை இழுப்பார்கள். ஃபெடரிகோ கப்ரில்லி என்ற இத்தாலியப் படை அதிகாரி, ஆளில்லாமல் தாண்டும் குதிரைகளைக் கவனித்து, அவை கழுத்தை நீட்டித்தான் பாய்கின்றன என்று கண்டார். அதற்கு இடம் கொடுத்து, குதிரையோடு சேர்ந்து முன்னால் வளையும் முறையை அவர் கற்பித்தார். 1907இல் அவர் இறந்துவிட்டார். முறை உலகமெங்கும் பரவியது. இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மெட்டில்டா கார்ல்சன், 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் நமது நாட்டுக்காகக் குதிரைத் தடைதாண்டலில் பங்குபற்றினார். அவர் பாயும் படம் கிடைத்தால் கைகளைக் கவனியுங்கள்.

என் கைகளை நம்ப முடியாததால் மிஸ் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். திரும்பினேன். மரத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வேலிப் பக்கம் சத்தமே இல்லை. தரைக்கட்டை காலுக்குக் கீழே போனது. அடுத்த நொடி முதுகு எழும்பியது, இறங்கியது, அதே மூன்று தட்டோடு ஓட்டம் தொடர்ந்தது. பாய்ச்சல் என்பது சற்றுப் பெரிய ஒரு தாவலாக மட்டுமே இருந்தது. இன்னும் நான்கு தடவை தாண்டினோம். ஒரு தடவை நான் அவசரப்பட்டதால் பெப்பர் ஒரு கட்டையைத் தட்டியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பாடம் முடிந்து குதிரையை மெல்ல நடத்தி, வியர்வை காயவிட்டு, குளம்புகளில் ஒட்டிய மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உம்மா பையிலிருந்து ஒரு கரட்டை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

"கடிக்குமா?"

"உள்ளங்கைய விரிச்சு வைங்க உம்மா. விரல மடக்காதீங்க."

வைத்தார். கரட் போனது. ஈரமான கையை என் மேலாடையிலேயே துடைத்துவிட்டு, அடுத்த கிழமைக்கான காசைக் கட்ட அலுவலகப் பக்கம் நடந்தார்.