புல்தரையில் பூங்காடு... விதையைத் தூவினால் போதுமா?

2020ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? கொவிட்-19 கட்டுப்பாடுகளால் சிங்கப்பூரில் புல் வெட்டும் பணி கொஞ்ச காலம் நின்றுபோனது. புளோக்குக்குக் கீழே புல் உயரமாக வளர்ந்தது. நடுநடுவே காட்டுப்பூக்கள், அவற்றைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள். பலருக்கு அது பிடித்துப்போக, தேசியப் பூங்காக் கழகம் சில இடங்களை அப்படியே வளரவிட்டது.

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலும் பலருக்கு இதே ஆசை. வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையை 'பிரெய்ரி' ஆக்க வேண்டும். ஆனால் அங்கே வெட்டாமல் விட்டால் மட்டும் போதாது.

பிரெய்ரி என்றால்?

உயரமான புற்களும் பூச்செடிகளும் கலந்து வளரும் சமவெளி. இலினோய், அயோவா போன்ற மாநிலங்களின் பெரும்பகுதி ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு கலப்பை வந்தது, சோளமும் சோயாவும் வந்தன. உயர்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

அதை நம்பியிருந்த உயிரினங்களும் தவிக்கின்றன. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு, மில்க்வீட் செடியை மட்டுமே தின்னும். நம் எருக்கஞ்செடியின் சொந்தம் அது! அந்தச் செடி இல்லாத இடத்தில் மொனார்க் முட்டையிட்டுப் பயனில்லை.

சும்மா விட்டால் ஏன் வளராது?

அங்குள்ள புல்தரைகளில் அதிகம் இருப்பது கென்டக்கி புளூகிராஸ். பெயர்தான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாவிலிருந்து. மண்ணுக்குள் தண்டுகளைப் பரப்பிப் பாய்போல் பின்னிக்கொள்ளும். அதன்மேல் விதையைத் தூவினால் அது மண்ணையே தொடாது. தப்பித் தவறி முளைத்தாலும் வெயிலும் தண்ணீரும் கிடைக்காது.

அதனால் முதல் வேலை, இருக்கும் புல்லைக் கொல்வது. புல்லை வேரோடு சீவி எடுக்கலாம். கோடையில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வேகவைக்கலாம். சிலர் களைக்கொல்லி அடிக்கிறார்கள். சின்ன இடம் என்றால் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து, மேலே மரத்தூளோ இலைச்சருகோ போட்டுச் சில மாதம் காத்திருப்பதே நல்லது என்பேன். செலவும் குறைவு. ஒன்று மட்டும் வேண்டாம்: புல் செத்த பிறகு மண்ணைக் கிளறாதீர்கள். ஆழத்தில் தூங்கும் களை விதைகளெல்லாம் மேலே வந்துவிடும்.

விதைக்க ஏற்ற நேரம் நவம்பர் வாக்கில், குளிர் தொடங்கும்போது. வெயில் ஊரில் இருக்கும் நமக்கு இது விநோதம்தான். ஆனால் பல பிரெய்ரி விதைகள் குளிரிலும் ஈரத்திலும் சில வாரம் கிடந்தால்தான் முளைக்கும். விதையோடு கொஞ்சம் மணலைக் கலந்து தூவி, காலால் மிதித்து அழுத்தினால் போதும். புதைக்க வேண்டாம்.

முதல் ஆண்டில்தான் பலர் கைவிடுகிறார்கள்

'முதல் வருஷம் தூங்கும், இரண்டாவது வருஷம் தவழும், மூன்றாவது வருஷம் பாயும்' என்று அங்குள்ள தோட்டக்காரர்கள் சொல்வார்கள். முதல் கோடையில் கண்ணுக்குத் தெரிவது குட்டி நாற்றுகளும், அவற்றைவிட வேகமாக வளரும் களைகளும்தான். 'ஐயோ, தோற்றுவிட்டோம்' என்று தோன்றும். உண்மையில் செடி கீழே வேலை செய்துகொண்டிருக்கிறது. பிக் புளூஸ்டெம் என்ற புல்லின் வேர் நாளடைவில் 2 மீட்டருக்கும் ஆழமாகப் போகும். புல்தரைப் புல்லின் வேர் பெரும்பாலும் சில அங்குலம்தான்.

அந்த ஆண்டு முழுக்க, களை உயரும்போதெல்லாம் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். நாற்றுகள் அதைவிடக் குட்டையாக இருப்பதால் தப்பிவிடும். கையால் பிடுங்கினால் பக்கத்து நாற்றும் சேர்ந்து வந்துவிடும்.

அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்?

இது சின்ன விஷயமில்லை. பல அமெரிக்க நகரங்களில் புல் இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று விதி உண்டு. யாராவது புகார் செய்தால் கடிதம் வரும், பிறகு அபராதமும் வரலாம். சில இடங்களில் நிலைமை மாறுகிறது. பராமரிக்கப்படும் இயற்கைத் தோட்டங்களை நகரங்கள் அனுமதிக்க வேண்டும் என்று மினசோட்டா 2023இல் சட்டம் இயற்றியது. புல்தரையை மாற்றுவோருக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டமும் அங்கே உண்டு.

சட்டம் இருந்தாலும், நடைபாதை ஓரமாக ஒரு பட்டையை மட்டும் குட்டையாக வெட்டிவிடுங்கள். பக்கத்தில் சின்னப் பலகை ஒன்று. சோம்பேறித்தனத்தால் விட்டதல்ல, வேண்டுமென்றே வளர்ப்பது என்று போகிறவர்களுக்குப் புரியும். அங்கே படிக்கப் போயிருக்கும் உங்கள் நண்பர்கள் அப்படிப்பட்ட பலகைகளைப் பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.