எண் 1 மாறும்போது

கோவளம், திருவிடந்தை, நெம்மேலி என்று கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்த வீடுகளின் அலமாரிகளில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியை இன்றும் பார்க்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. ஆன் செய்ததும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் மேல் கட்டி, 2007-இல் வெளியிட்ட இயங்குதளம். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸுக்குள் போய்விட்டார்கள். மற்ற வழியில் போயிருந்தால், கணினியில் எல்லாவற்றுக்கும் முதலில் ஓடும் நிரலையே கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்த்திருக்கலாம்.

லினக்ஸின் கருவான கர்னல் விழித்து, நினைவகத்தையும் வன்தட்டையும் அடையாளம் கண்டுகொண்ட பிறகு, நம் நிரல்கள் ஓடும் பக்கத்துக்காக ஒரே ஒரு நிரலைத் தொடங்கி வைக்கும். அதன் செயல்முறை எண் 1. பெயர் இனிட். திரை, வைஃபை, பிரிண்டர், நாம் திறக்கும் உலாவி எல்லாமே அதன் பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள். அந்த நிரலை யார் எழுதினார்கள், எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் கர்னலுக்குத் தேவையில்லை. எஸ்பின் என்ற அடைவில் இனிட் என்ற பெயரில் எது இருக்கிறதோ அதை ஓட்டும். பூட் ஆகும்போது 'இனிட்=' என்று வேறொரு இடத்தைக் காட்டினால் அதை ஓட்டும். இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு பெயரை மட்டும் நம்பி ஒப்படைப்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க முடிவதும் அதனால்தான்.

ஆனால் அந்த இடத்தில் உட்காருவது லேசான காரியமில்லை. தன்னைத் தொடங்கிய நிரல் முடிந்துபோய் அநாதையாக நிற்கும் செயல்முறைகள் வழக்கமாக எண் 1-இடம்தான் வந்து சேரும். அவை முடிந்ததும் கணக்கை முடித்து வைப்பது அதன் வேலை. மற்ற எதையும் வீழ்த்தும் 'கில் -9' கட்டளை அதை ஒன்றும் செய்யாது. அதுவே ஏதாவது பிழையில் முடிந்துபோனால் கர்னல் மொத்தக் கணினியையும் அங்கேயே நிறுத்திவிடும்.

பாஸின் தொடக்ககாலப் பதிப்புகளில் இந்த இடத்தில் இருந்தது சிஸ்வி-இனிட். அதன் முறையை விளங்கிக்கொள்ள நித்யகல்யாணப் பெருமாளின் ஊரான திருவிடந்தையில் நடக்கும் கல்யாணத்தைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெரியவர் கையில் சீட்டு. 01 பந்தல், 02 மேளம், 03 சமையல். ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கச் சொல்வார். ஆர்சி2.டி என்ற அடைவைத் திறந்தால் இந்தச் சீட்டை அப்படியே பார்க்கலாம். எஸ்01, எஸ்02 என்று எண் போட்ட கோப்புகள். ஒவ்வொன்றும் யாரும் படித்துப் பார்க்கக்கூடிய ஷெல் ஸ்கிரிப்ட். பந்தலும் சமையலும் ஒரே நேரத்தில் நடக்கலாமே என்ற கேள்வி பிறகு எழுந்தது. எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற குறிப்பை ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலைப்பிலும் எழுதி வைக்க, டெபியன் 6 அதைப் பார்த்துச் சேவைகளைச் சேர்த்துத் தொடங்கக் கற்றுக்கொண்டது.

2010-இல் லென்னார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் கொண்டுவந்த சிஸ்டம்டி என்ற இனிட் இன்னும் தள்ளிப் போனது. ஒரு சேவை தயாராகும் முன்பே, அது செய்தி கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய சாக்கெட் என்ற வாசலை எண் 1 தானே திறந்து வைத்துவிடும். யாராவது அதில் எழுதினால் கர்னல் வாங்கி வைத்துக்கொள்ளும். சேவை எழுந்ததும் திறந்த சாக்கெட் அதன் கைக்குப் போகும். காத்திருந்த செய்திகளும் அதிலேயே கிடைக்கும். யார் முதலில், யார் பிறகு என்று பல இடங்களில் கேட்கவே வேண்டாம். ஆப்பிள் 2005-லேயே தன் இனிட்டான லாஞ்ச்டியில் இதைச் செய்திருந்தது. கூடவே, ஒரு சேவை பெற்றுப்போடும் செயல்முறைகள் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் சிகுரூப் என்ற கர்னல் வசதி வழியாக அவற்றை ஒரே கூட்டமாகப் பிடித்து வைக்கவும் சிஸ்டம்டிக்குத் தெரியும். பழைய முறைக்கு அது வராது.

இதை ஏற்பதா என்று டெபியனில் பெரும் சண்டையே நடந்தது. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் 8 பேர் சரிபாதியாகப் பிரிந்தார்கள். தலைவர் பிடேல் கார்பியின் முடிவு வாக்கில் சிஸ்டம்டி வென்றது. 2015 ஏப்ரலில் வந்த டெபியன் 8-இல் அது இயல்பான இனிட் ஆனது. அந்த டெபியனை ஒட்டி எழுந்த பாஸுக்கும் அதுவே வந்து சேர்ந்தது. ஒப்பாதவர்கள் டெவுவான் என்று தனியே பிரிந்து, 2017-இல் முதல் முழுப் பதிப்பைக் கொடுத்தார்கள்.

இப்போது மாற்றிப் பார்ப்போம். டெபியனில் சிஸ்விஇனிட்-கோர் என்ற பேக்கேஜை நிறுவினால், எஸ்பின்னில் இனிட் என்ற பெயரைப் பிடித்திருந்த சிஸ்டம்டி-சிஸ்வி விலகிக்கொள்ளும். எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று நிறுவும் கருவியான ஏப்டி காட்டும் பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும். சில நேரம் மேசைத்தளமே அதில் இருக்கும். ஜினோம் போன்ற மேசைத்தளங்கள் யார் உள்ளே நுழைந்தார், யார் கணினியை அணைக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள சிஸ்டம்டியின் லாகின்டியைச் சார்ந்திருக்கின்றன. அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்ததுதான் எலாகின்டி. வன்தட்டில் ஒரு பெயர் கைமாறும்போது அதை நம்பியிருந்த எத்தனை பேர் அசைகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் தெரியும்.

நிறுவி முடிந்த நொடியில் ஒரு விசித்திர நிலை. வன்தட்டில் இருப்பது புதிய இனிட். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழையது. ரீபூட் கட்டளை இப்போது புதியவரின் ஆள். அவர் ஒரு குழாயில் சொல்ல, பழையவர் வேறொரு வாசலில் காது வைத்திருக்கலாம். ஆர்ச் லினக்ஸிலிருந்து சிஸ்டம்டி இல்லாத ஆர்டிக்ஸுக்குப் போகிறவர்கள் அதனால்தான் கடைசியில் இனிட்டையே கேட்பதில்லை. கர்னலின் சிஸ்ஆர்க்யூ வாசலில் நேராக மூன்று எழுத்துகளைத் தருகிறார்கள். 'எஸ்' என்றால் எழுதாமல் நிற்பதை எல்லாம் வட்டில் எழுது. 'யு' என்றால் வட்டைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டு. 'பி' என்றால் உடனே மறுபடி எழு.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எண் 1-ஐ மாற்றவே முடியாதா? தன்னையே மாற்றிக்கொள்ள முடியும். 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீஎக்ஸெக்' என்றால் சிஸ்டம்டி தன் நினைவிலுள்ளதை எல்லாம் எழுதி வைத்துவிட்டு, அதே எண்ணில் தன் புதிய பதிப்பாக எழுந்து, எழுதியதைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். சேவைகள் நிற்பதில்லை. ஆனால் அந்தக் குறிப்பை இன்னொரு இனிட்டால் படிக்க முடியாது. வேற்றாள் வர நடைமுறையில் ரீபூட்தான் வழி.

ஓஎம்ஆர் பக்கம் சிறுசேரியில் ஓடும் சர்வர்களுக்கு சிஸ்டம்டியே பொருத்தம் என்பது என் எண்ணம். சொல்லி வைத்தால் விழுந்த சேவையைத் தானே எழுப்பும், யார் எவ்வளவு நினைவகம் தின்கிறார்கள் என்று கணக்கு வைக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு மட்டும் முதலில் சிஸ்வி-இனிட்டைக் காட்டுவேன். கணினி எழுவதை வரி வரியாகப் படித்து, ஒரு வரியை மாற்றி, என்ன கெடுகிறது என்று பார்க்கலாம். சிஸ்வி-இனிட்டிலோ ரன்இட் என்ற இன்னொரு இனிட்டிலோ ஓடும் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கல் பழைய மடிக்கணினிக்கும் பாரமாகாது. எம்எக்ஸ் லினக்ஸ் பல பதிப்புகளில் சிஸ்டம்டி, சிஸ்வி-இனிட் இரண்டையும் சேர்த்தே வைத்து, பூட் மெனுவிலேயே தேர்ந்தெடுக்க விட்டது. 2019 டிசம்பரில் டெபியன் உறுப்பினர்கள் மீண்டும் வாக்களித்து, சிஸ்டம்டியே மையம், மாற்று முயற்சிகளுக்கும் இடம் உண்டு என்று முடிவு செய்தார்கள். கதவு சாத்தப்படவில்லை என்பதில் எனக்கு நிஜமான மகிழ்ச்சி.

செய்து பார்க்கிறவர்கள் முதலில் தங்கள் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் 'பிஎஸ் -பி 1' என்று தட்டினால் இப்போது யார் இருக்கிறார் என்று தெரியும். மாற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் சிஸ்டம்டி-சிஸ்வியை மறுபடி நிறுவுங்கள். பழையவர் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.