காசு தாழ்வதில்லை, நிலம் உயர்கிறது

கலேவெல உள்ளிட்ட இலங்கையின் வறண்ட பகுதிகளில், சேனைக்கு நிலம் கொத்தும்போதும் குளம் தூர்வாரும்போதும் பழங்காசுகள் அகப்படுவது புதிதல்ல. அகப்பட்டதும் 'யாரோ புதைத்து வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் இன்னும் இருக்கும்' என்ற பேச்சு எழுந்துவிடும். வங்கி இல்லாத காலத்தில் காசைச் சட்டியிலிட்டுப் புதைத்தவர்கள் உண்டுதான். போரிலோ நோயிலோ அவர்கள் மாண்டால் இடமும் மறந்துபோகும். ஆனால், மடியிலிருந்து நழுவி விழுந்த ஒற்றைக் காசும் முழங்கால் ஆழத்தில் கிடைக்கிறதே, அதைப் புதைத்தது யார்?

பெரும்பாலும் கறையான்தான். அது கீழிருந்து நுண்மண்ணை வாயால் கவ்வி மேலே கொண்டுவந்து புற்று கட்டுகிறது. மாரி மழையில் புற்று கரைந்து அந்த மண் நிலமெங்கும் பரவுகிறது. கவ்வ முடியாத கல்லும் ஓடும் காசும் கிடந்த இடத்திலேயே கிடக்க, அவற்றின் மேல் நிலம் ஏறிக்கொண்டே போகிறது. ஈரப்பதம் மிகுந்த நிலங்களில் இந்த வேலையை மண்புழு செய்கிறது. சார்ள்ஸ் டார்வின் 1842இல் தன் வீட்டருகே வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் கழித்து வெட்டிப் பார்த்தார். அவை 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. இங்கே சரிவுகளில் மழை அரித்துவரும் மண்ணும், குளங்களில் படியும் வண்டலும் இன்னும் விரைவாக மூடும்.

முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) செப்புக்காசு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் அரசன். மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் பெயர். இது இராசராச சோழனின் காசு வழி வந்த அச்சு. மண்ணின் ஈரமும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து செம்பின் மேற்பரப்பைப் பச்சைக் காபனேற்றாக மாற்றியிருக்கும். பல வேளைகளில் எழுத்தின் வடிவம் அந்தப் பச்சைப் படலத்தில்தான் எஞ்சியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கும், எழுத்து போய்விடும். பொன்னுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வேண்டுமென்றே புதைத்தவையும் இந்தப் பகுதியில் உண்டு. கலேவெல பிரதேச செயலகப் பிரிவிலேயே, தம்புள்ளைக்கு அருகே, இப்பன்கட்டுவ பெருங்கற்கால ஈமக்காடு இருக்கிறது. கற்பலகைகளை நட்டு அறையாக்கி, உள்ளே தாழிகளையும் சூதுபவள மணிகளையும் வைத்திருக்கிறார்கள். 1983இல் அகழ்வு தொடங்கியது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 450 வரை என்று கரிமக் கணிப்பு சொல்கிறது. மணிகளுக்கான கல் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தது. கரித்துண்டும் தாழியும் மணியும் ஒரே அறைக்குள் கலையாமல் இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது.

புதையல் தேடி இரவில் குழி பறிப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் இருப்பது இதனால்தான். மண்ணடுக்கோடு இருக்கும் காசு, பக்கத்துச் சுவரின் காலத்தையும் குளக்கட்டின் காலத்தையும் சொல்லும். பிடுங்கி எடுத்த காசு தன்னை வெளியிட்ட அரசன் பெயரோடு நின்றுவிடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, நிலத்துள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்கள் இதில் அடங்கும். உங்கள் காணியில் காசு தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், சுற்றிலும் கிண்டாதீர்கள். ஆழத்தை அளந்து குறித்துவைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.